பச்சைப் புடவையில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

பிரபு,

சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பாய். நேற்று வீடியோ காலில் நீ அப்படிச் சொன்னபோது உனக்குப் பின்னால் அடுப்பு தெரிந்தது. துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, கடையில் விற்பனைக்கு வைத்த அடுப்பு மாதிரி இருந்தது. சமைத்த அடுப்பு அப்படி இருக்காது. ஓசூருக்குப் போய்ப் பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் என்னிடம் கதை விடப் பழகிவிட்டாய் என்று நினைத்தேன். உன் அப்பா, "ஓட்டல்ல வாங்கித் துன்னுருப்பாங்க, வுடேன்" என்றார். எனக்கு விட வரவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட நீ முழுதாகப் படிப்பாயா, பாதியில் மடித்து வைத்துவிட்டு "படிச்சேம்மா" என்பாயா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது. அதனால் சொல்ல வந்ததைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து படி.

என் புத்தி ஏன் இப்படி ஆனது என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். பதினாலு வருஷமாக ஒரகடத்து ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் நிற்கிறேன். பெல்ட்டில் ஜோடி ஜோடியாக வரும். எடுத்து, வளைத்து, உள்ளே கையை விட்டு, தையலில் விரலை ஓட்டி, எங்கே குறையோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். விரல் நகம் அளவுதான் அம்பு. அதன் முனை குறையைத் தொட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. குறையே இல்லாத ஜோடி வந்தால் எனக்குச் சந்தோஷம் வராது, எங்கேயோ ஒளித்திருக்கிறார்கள் என்று இன்னொரு முறை புரட்டுவேன். "அக்கா கண்ணுல சாமி வந்தாக்கூட ஒரு அம்பு வாங்கிக்கினுதான் போவும்" என்று லைனில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் சந்தேகத்தைக் கம்பெனிதான் எனக்குக் கொடுத்தது என்று சொன்னால் அது பொய். கம்பெனிக்குப் போகும் முன்பே என்னிடம் அது இருந்தது. அதற்கு அவர்கள் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது உன் பையில் புது டிராக் சூட் ஒன்றைப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. யாருடையது என்று கேட்டேன். "எனுதும்மா" என்றாய். நான் வாங்கித் தராத துணி உனக்கு எப்படி வரும்? திருடிவிட்டாய் என்றே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை அந்தத் துணியை ஒரு கையிலும் உன்னை ஒரு கையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தேன். அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நின்றிருந்தார்கள். உன் பி.டி. சார் பதறிப்போய், "நான்தாம்மா குடுத்தேன். ஜில்லா அளவுல ஓடப் போறான், நல்லதா ஒண்ணு போட்டுக்கட்டும்னு எடுத்தாந்தேன்" என்றார். நான் அந்தத் துணியை உன் தோளில் போட்டுவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்கவில்லை. நீ அந்தப் போட்டிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றாய். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. எதற்கெடுத்தாலும் துருவித் துருவிக் கேட்கிற நான் அன்று ஒருநாள் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நீ எதையும் எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் காட்டினாய். ஐ.டி.ஐ. சேர்ந்தது, வண்டி எடுத்தது, எல்லாமே அப்படித்தான். கடைசியில் இசக்கி. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என்னிடம், "அம்மா, ஒரு பொண்ணப் பாத்து வச்சிக்கிறேன். தென்காசிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூர்ல போன் கம்பெனில லைன்ல கீறா. பேரு இசக்கியம்மாள்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாய். "இன்னாடா பேரு அது?" என்றேன். "அவங்க ஊர்ல சாமி பேரும்மா." எனக்குச் சாமி பேர் பிரச்சனை இல்லை. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, நாலு பெண்களோடு வாடகை வீட்டில் தங்கி, ஷிப்ட் ஷிப்ட்டாக வேலை பார்க்கிறவள் என் பிள்ளையை எங்கே பிடித்தாள், எதற்குப் பிடித்தாள் என்பதுதான் பிரச்சனை. பிள்ளைப்பாக்கத்தில் சொந்த வீடு, பெர்மனென்ட் வேலை. எனக்குக் கணக்கு சரியாகத்தான் விழுந்தது. நானும் அவள் வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனவள்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

கல்யாணம் முடிவானதும் அவள் ஓர் ஆசை சொன்னாள். இப்போதெல்லாம் வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் ஒரே கலரில் நிற்கிறார்களே, அப்படி நிற்க வேண்டும், அந்தத் துணியைத் தானே எடுத்துத் தருகிறேன் என்றாள். எனக்கும் உன் அக்காவுக்கும் பெரிய அத்தைக்கும் புடவை, அப்பாவுக்கும் உன் மாமாவுக்கும் சட்டை. பாட்டில் பச்சையில் மரூன் பார்டர். போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். படத்தில் நன்றாகத்தான் இருந்தது. படத்தில் எதுதான் நன்றாக இல்லை? காஞ்சிபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். ஒரு பஸ் ஏறினால் தெருவுக்குப் பத்துக் கடை. அதை விட்டுவிட்டு மாமியாருக்குப் போனில் புடவை எடுக்கிறாள் என்றால், நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறாள் பார் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பார்சல் வந்த கூத்துதான் உனக்குத் தெரியுமே. கொரியர்க்காரர் வாசலில் நின்று, "அம்மா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்துக்கும், அதச் சொல்லுங்க" என்றார். "இன்னாத்துக்கு?" "சொன்னாத்தாம்மா பார்சல் குடுக்க முடியும்." "யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு என் புள்ள சொல்லிக்கிறான். நீ யாரு?" இரண்டு நாள் அவரைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் நீயே லைனில் வந்து சொன்ன பிறகுதான் எண்களைச் சொன்னேன். அப்போதும் கடைசி எண்ணைச் சொல்வதற்கு முன்னால் பார்சலைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிரித்துப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டதே என்ற சந்தோஷம். பாட்டில் பச்சை என்றது கிளிப்பச்சையாக வந்திருந்தது. மரூன் பார்டர் இருக்க வேண்டிய இடத்தில் தங்கக் கலரில் ஏதோ அச்சடித்திருந்தார்கள். புடவையைக் கையால் அளந்தால் ஒரு முழம் குறைந்தது, கொசுவம் வைத்தால் மூன்று மடிப்புக்கு மேல் வராது. அப்பாவின் சட்டை அவர் தொப்பைக்கு முன்னால் நின்றுவிட்டது, பட்டனுக்கும் துளைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. நீ அந்த வாரம் ஓ.டி. பார்த்துவிட்டுத் தாமதமாக வருவாய், காலையில் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாய். வாயால் சொன்னால் மாமியார் இப்போதே ஆரம்பித்துவிட்டாள் என்று நினைப்பாய். என் ஏப்ரன் பாக்கெட்டில் அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். அதை எடுத்தேன். நூல் பிரிந்த இடம், சாயம் திட்டாக நின்ற இடம், அச்சு கோணலாகப் போன இடம் என்று உட்கார்ந்து ஒட்டினேன். என் புடவையில் மட்டும் பதினோரு அம்புகள். நீ பார்க்க வேண்டும் என்று கட்டில் மேல் விரித்தும் வைத்தேன்.

நீ பார்க்கவே இல்லை. சட்டை பத்தவில்லை என்று அப்பா சொன்னாராம், கம்பெனியிலிருந்தே போன் போட்டு, "புடிக்கலன்னா ரிட்டர்ன் போட்டுரலாம்மா, இசக்கி போட்டுட்டா, நாளைக்கு ஆளு வருவாங்க" என்றாய். மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அம்புகளை அவசரமாகப் பிய்த்தேன். லெதரில் ஒட்டினால் அழகாக உரிந்து வரும். இந்தத் துணியில் அம்போடு சேர்ந்து தங்க அச்சும் உரிந்து வந்தது. சில அம்புகள் வரவே இல்லை. அந்த ஆள் புடவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஸ்டிக்கர்லாம் ஒட்டிக்கீறீங்க? இத எடுக்க மாட்டாங்கம்மா" என்றார். சட்டையிலும் அதே கதை. வாசற்படியில் எல்லாவற்றையும் விரித்துப் போட்டு போட்டோ எடுத்தார். "போட்டோ எதுக்குப்பா?" என்றேன். "ஆபீசுக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கவனமாகப் படி. அன்று நீ வீட்டுக்கு வந்ததும் நான் உன்னிடம் சொன்னது இது: "ஆளு வந்தான், பாத்தான், எடுக்க மாட்டேன்னு பூட்டான். திருப்பி எடுக்காத எடமாப் பாத்து வாங்கிக்கிறா உன் ஆளு." அம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உரியாத அம்புகளையும் சுரண்டி எடுத்துவிட்டு, துணிகளை மடித்துப் பீரோவுக்கு மேலே போட்டிருந்தேன். நீ என் முன்னாலேயே அவளுக்குப் போன் போட்டு, "ஒரு துணி ஒழுங்கா வாங்கத் தெரியல, இனிமே எதுலயும் தலையிடாத" என்று கத்தினாய். ஒன்பது நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போகாமல் நின்றது. ஒருநாள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டே, "கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாமாம்மா?" என்று கேட்டாய். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். டிராக் சூட் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் தப்பு செய்தேன். இதில் எல்லாம் தெரிந்தே செய்தேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். கையில் ஒரு பையில் கத்தரி, பிளேடு, நூல்கண்டு. "அத்தை, அந்தத் துணியளக் கொண்டாங்க, நம்மளே தச்சிரலாம்" என்றாள். "இதுல இன்னாத்தத் தைக்கறது? வெளக்குத் துடைக்கத்தான் லாயக்கு" என்றேன். "இருக்கத வச்சு ஏதாவது செய்யலாம்லா அத்தை. வேற வாங்குனாலும் அதுவும் எப்படி வருமோ." அவளும் சந்தேகப்படுகிறவள்தான் என்று எனக்கு முதல்முதலாக அவள்மேல் ஒரு பிடிப்பு வந்தது அப்போதுதான். இருந்தாலும் எதற்கு வந்திருக்கிறாள், என்ன திட்டம் என்று ஒரு கண் வைத்துக்கொண்டேதான் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

அவள் துணியை விரித்தாள். பசை ஒட்டியிருந்த இடங்கள், அச்சு உரிந்து பச்சை தெரிந்த இடங்கள், அம்பு வடிவத்திலேயே பதினோரு தடம். அவள் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது. "அச்சு நிக்கல பாத்தியளா, மட்டமான வேலை" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "உங்க மரூன் பட்டு ஒண்ணு மடிப்புல விட்டுப் போச்சுன்னு அவிய முன்னால சொன்னாவ. தருவியளா?" என்று கேட்டாள். ஓகோ, என் பட்டுக்கு அடி போடுகிறாள் என்று நினைத்தேன். அந்தப் புடவை மடிப்பு மடிப்பாக விண்டு கட்ட முடியாமல் கிடந்தது, ஆனாலும் அது பட்டு. இருந்தும் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று உனக்கு இப்போது புரியும். குற்றமுள்ள நெஞ்சு.

நாலு ஞாயிறு உட்கார்ந்தோம். போன் கம்பெனியில் கண்ணுக்குத் தெரியாத திருகாணி போடுகிற விரல் அவளுக்கு, பிளேடால் தையலைப் பிரித்தால் துணிக்கே தெரியாது. அச்சடித்த விளிம்பை உள்ளே மடித்து, அதன்மேல் பட்டிலிருந்து வெட்டிய மரூன் பட்டையை வைத்து நான் தைத்தேன். இடுப்பில் செருகுகிற உள்முனையில் ஒரு முழம் வேறு பச்சை காட்டனைச் சேர்த்தோம், அது யார் கண்ணுக்கும் படாது, கொசுவம் நிறைய வந்தது. அப்பாவின் சட்டையை இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை பிரித்து நடுவில் மரூன் துண்டு கொடுத்தோம். பட்டன் பட்டியிலும் அதே மரூன். கிளிப்பச்சையின் பளபளப்பு மரூன் பக்கத்தில் வந்ததும் அடங்கிவிட்டது. நான் கோணலாகத் தைத்த ஓர் இடத்தை அவள் காட்டினாள், அவள் நூல் விட்ட ஓர் இடத்தை நான் காட்டினேன். பேச்சென்று பெரிதாக ஒன்றும் இல்லை. "டீ போடட்டா அத்தை?" "சக்கரை கம்மியாப் போடு." அவ்வளவுதான். அவள் முதலில் வந்த அந்த வாரத்திலேயே நீங்கள் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள், பத்திரிகையும் அச்சுக்குப் போனது. வாலாஜாபாத் மண்டபத்தில் வரவேற்பன்று உன் பெரிய அத்தை தன் புடவையைத் தடவித் தடவி, "எங்க எடுத்தீங்க? எனக்கு இன்னொண்ணு வேணும், அந்த லிங்க அனுப்பு" என்று உயிரை எடுத்தாள். உன் அப்பா எல்லாரிடமும் டிசைனர் சட்டை என்று சொல்லிக்கொண்டு அலைந்தார். நான் மேடையில் சிரித்துக்கொண்டு நின்றேன். என் இடுப்பில் செருகியிருந்த காட்டன் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். தலையணை உறை பார்க்க வேண்டும் என்று கேட்டேன், அவள் போனைத் திறந்து என் கையிலேயே கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். யாராவது போனை அப்படிக் கொடுப்பார்களா? உறையை விட்டுவிட்டு அவள் பழைய ஆர்டர்களைத் துழாவினேன். தாய் வீட்டுக்கு என்ன அனுப்புகிறாள் என்று பார்க்கத்தான், மறைக்கவில்லை. அங்கே கிளிப்பச்சை வந்தது. கீழே, பொருளில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருப்பதால் திரும்பப் பெற இயலவில்லை என்று போட்டு, ஒரு போட்டோ. நம் வாசற்படி, அதில் என் புடவை, அதன்மேல் உரியாத சிவப்பு அம்புகள், மூலையில் மெட்டியோடு என் கால். தேதியைப் பார்த்தேன். ரிட்டர்ன்காரர் வந்த அதே நாள். நீ அவளிடம் போனில் கத்துவதற்கு முன்பே அது அவள் கையில் இருந்திருக்கிறது. ஒன்பது நாளும் இருந்திருக்கிறது. உன்னிடம் அதைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் அவள் ஜெயித்திருப்பாள்.

நெகிழ்ந்துபோனேன் என்று நினைக்காதே. பயந்துபோனேன். எதற்கு வைத்திருக்கிறாள்? எப்போது எடுப்பாள்? அதன்பிறகு குழம்பில் உப்பு கூட என்று நான் சொல்லும்போதெல்லாம், மோட்டார் போட மறந்ததற்குத் திட்டும்போதெல்லாம், இதோ இப்போது எடுக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். நீங்கள் இருவரும் அறைக்குள் மெதுவாகப் பேசினால் என் அம்புகளைப் பற்றித்தான் என்று கதவருகே நின்றிருக்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டாளோ என்று உன் முகத்தைத் தினமும் செக் பண்ணினேன். ஐந்து மாதம், பிரபு. அவள் எடுக்கவே இல்லை. குறையில்லாத ஜோடியைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன்.

ஓசூரில் புது லைன், மாற்றல் என்று நீ சொன்ன பிறகு, சாமான் கட்டுகிற அன்று அவளிடம் கேட்டே விட்டேன். நீ வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய். அவள் கொடியில் கிடந்த அப்பாவின் பச்சைச் சட்டையையும் சேர்த்துத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் போட்டோவ ஏம்மா அவன்கிட்ட காட்டல?" என்றேன். எந்தப் போட்டோ என்று அவள் கேட்கவில்லை. மடித்துக்கொண்டே சொன்னாள்: "காட்டிருந்தா நாலு ஞாயிறும் எங்கூட உக்காந்து தச்சிருப்பியளா அத்தை?"

தைத்திருக்க மாட்டேன். என்னைக் காட்டிக் கொடுத்தவள் என்று சாகும்வரை அவளைப் பேசியிருப்பேன். அது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அவள் அதை உன்னிடம் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன். அந்தத் துணி திரும்பிப் போகாததற்குக் காரணம் நான். அவளிடம் நீ கத்தியது என்னால். மைதானத்தில் அத்தனை பேர் முன்னால் உன் தோளில் அந்த டிராக் சூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தேனே, அன்று கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்து இப்போது கேட்கிறேன். உன்னிடமும் அவளிடமும். உனக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். என் கண் உனக்கும் வந்திருக்கிறது, நீ கத்தினபோது பார்த்தேன். குறை தெரிந்தால் கேள், கேட்காமல் இருக்காதே. கேட்கும் முன் அம்பை ஒட்டிவிடாதே.

இந்தக் கடிதத்தை நீ அவளிடம் காட்டாமல் பையில் போட்டுக்கொள்வாய் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். அடுப்பில் ஏதாவது சமையுங்கள்.

என் ஏப்ரனில் இன்று ஓர் அம்பு மிச்சம் வந்தது. கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பிய்க்கப் பார்க்காதே, பெயரோடு உரிந்து வந்துவிடும்.

அம்மா